குழந்தைக்கு எழுத்து சொல்லித் தரும்போது நோட்டைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்

போன ஜூனில், பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தன் பையனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அவனுக்கு ஐந்து வயதாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. ஒரு நர்சரியில் ஒரு வருடம் முடித்துவிட்டான். நோட்டைக் காட்டினார், பக்கத்துக்குப் பக்கம் அ, ஆ, இ, புள்ளி வைத்து அச்சடித்த எழுத்தின் மேல் பென்சிலை ஓட்டி ஓட்டி எல்லாமே அச்சு மாதிரி அழகாக இருந்தது. தினமும் நாலு பக்கமாம். நான் சிலேட்டை எடுத்துக் கொடுத்து, "ஒரு அ எழுது கண்ணு" என்றேன். பல்பத்தைப் பிடித்துக்கொண்டு சிலேட்டையே பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். "புள்ளி எங்க டீச்சர்?" என்றான்.

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பையன் மேல் தப்பே இல்லை. ஒரு வருடமாக அவன் கோட்டைத் துரத்தியிருக்கிறான், எழுத்தை எழுதவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று பெரியவர்கள் நாம் நினைத்துவிட்டோம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என் வீட்டுத் திண்ணையில் இருபது வருடத்துக்கு மேலாகச் சாயந்தர நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித் தருகிறேன். தமிழ் மீடியம் பிள்ளைகள், மலையாள மீடியம் பிள்ளைகள், இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். அதில் எனக்குப் புரிந்ததை, வீட்டில் நீங்களே செய்யும்படி எழுதுகிறேன்.

முதலில், எதற்காக இந்தப் பாடு?

போனில் பேசினாலே தமிழில் அடித்துக் கொடுக்கிறதே, இனி எழுத்து எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை எழுதிப் பழகுவது, பின்னால் கடிதம் எழுதவும் விண்ணப்பம் எழுதவும் மட்டும் என்று நினைக்காதீர்கள். எழுதிப் பழகினால்தான் அந்த எழுத்தைப் பார்த்ததும் கண்ணுக்கு அடையாளம் தெரிகிறது. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் என்பவரோடு சேர்ந்து, இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2012-ல் வெளியிட்டார். எழுத்துகளைக் கையால் தாங்களாகவே எழுதுவது, புள்ளிக்கோட்டின் மேல் இழுப்பது, விசைப்பலகையில் தட்டுவது என்று மூன்று விதமாகவும் பழக்கினார்கள். அப்புறம் அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பெரியவர்கள் வாசிக்கும்போது எந்தப் பகுதிகள் வேலை செய்யுமோ அவை, தாங்களாகவே எழுதிப் பழகிய எழுத்தைப் பார்க்கும்போதுதான் விழித்தன. தட்டிய எழுத்துக்கும் மேலே இழுத்த எழுத்துக்கும் அப்படி நடக்கவில்லை.

அது ஆங்கில எழுத்தை வைத்துச் செய்தது. ஆனால் என் திண்ணையில் நான் பார்ப்பதும் அதேதான். குழந்தை தானாக எழுதும்போது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும், ஒரு ப குட்டையாக, ஒரு ப சாய்ந்து, ஒரு ப வாயைப் பிளந்துகொண்டு. அத்தனை கோணலும் ப-தான் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் பஸ் போர்டில் தடித்த ப-வையும், கடைப் பலகையில் பூப்போட்ட ப-வையும் பார்த்துக் கண்டுபிடித்துவிடுகிறது. ஒரே அச்சின் மேல் நூறு தடவை ஓடிய கைக்கு இது கிடைப்பதில்லை. கோணல் எழுத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் அப்பா அம்மாவிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. மூன்றாம் வகுப்பில் "உன் ஊரைப் பற்றி ஐந்து வரி எழுது" என்பார்கள். ழ-வுக்கு வால் எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டே எழுதும் பிள்ளைக்கு வரி பாதியில் மறந்துவிடும். கை தானாக ஓடும் பிள்ளைக்கு யோசனை முழுக்கச் சொல்ல வந்த விஷயத்தில் இருக்கும்.

பென்சிலுக்கு முன்னால் கை

பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் எலும்பு எல்லாம் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். எட்டு சிறு எலும்பும் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக இறுகி வரும், கடைசி எலும்பு இறுக எட்டு, ஒன்பது வயதுக்கு மேலும் ஆகலாம். மூன்று வயதில் நாலு பக்கம் எழுதச் சொல்வது எந்தக் கைக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

பொதுவாக மூன்று வயதில் வட்டம் போடும், நாலு வயதில் கூட்டல் குறி, நாலரை, ஐந்தில் சதுரம், ஐந்து வாக்கில் முக்கோணம். கூட்டல் குறியை நீங்கள் காட்டாமலே பார்த்துப் போடும் பிள்ளை எழுத்துக்கு ஏறக்குறைய தயார். அதற்கு முன்னால் பென்சிலைத் திணிக்காதீர்கள், கைக்கு வேலை கொடுங்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. நிலக்கடலை உரிக்கச் சொல்லுங்கள். சப்பாத்தி மாவைப் பாம்பு மாதிரி உருட்டி, அந்தப் பாம்பை வளைத்து ட, ப என்று வைக்கச் சொல்லுங்கள். பல்லாங்குழியில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவது கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து வேலை செய்ய நல்ல பயிற்சி. ஓணத்துக்குப் பூக்களம் போட இதழ் கிள்ளும்போது பெரியவர்களே கிள்ளிவிடாமல் ஒரு முறத்தைப் பிள்ளையிடம் தள்ளிவிடுங்கள். துணி காயப்போடும் கிளிப்பை அமுக்கித் திறப்பதும் அப்படித்தான்.

கூடவே தோளும் வலுப்பட வேண்டும். எழுதுவது விரல் வேலை மாதிரி தெரியும், ஆனால் தோள் நிற்காவிட்டால் விரல் ஆடும். அதனால் பெரிதாக எழுத வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரும் பழைய பெயின்ட் பிரஷ்ஷும் கொடுத்தால் வெளிச்சுவர் முழுக்க எழுதும். எங்கள் பக்கத்து வெயிலில் ப எழுதி முடித்துத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும், மறுபடி எழுத இடம் தயார்! அழிக்கிற வேலையும் இல்லை, தப்பாகிவிட்டதே என்ற பயமும் இல்லை.

அந்தக் காலத்து ஆசான் பள்ளிக்கூடத்தில் இதையேதான் வேறு மாதிரி செய்தார்கள். முதலில் மணலில் விரலால் பெரிய எழுத்து, கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். விஜயதசமியன்று இங்கே எழுத்தினிருத்து என்று குழந்தையை மடியில் வைத்து அரிசியில் எழுத வைப்பார்கள், கோயிலில் மட்டுமில்லை, சில தேவாலயங்களிலும் நடக்கிறது. நம் வீடுகளில் ஏடு தொடங்குவது. அந்த அரிசித் தட்டை ஒருநாள் சடங்கோடு பரணில் ஏற்றிவிடாதீர்கள். ரவையோ மணலோ போட்டு ஒரு மாதம் கூடத்திலேயே வைத்திருங்கள். விரலால் எழுதும்போது எழுத்தின் வழி விரல் நுனிக்கே தெரியும்.

பிடியும் இருப்பும்

முழு நீளப் பென்சில் சின்னக் கைக்குப் பாரம். இரண்டாக வெட்டிச் சீவிக் கொடுங்கள், அரை விரல் நீளம் என்றாலும் சரி. குட்டைப் பென்சிலை முஷ்டியால் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானாக வந்து சேரும். கட்டைவிரலும் ஆள்காட்டியும் பிடிக்க, நடுவிரல் அடியில் தாங்க வேண்டும். நாலு விரல் சேர்ந்து பிடித்தாலும் கை இறுகாமல் ஓடினால் விட்டுவிடுங்கள், அதற்காகச் சண்டை வேண்டாம். 2பி பென்சில் வாங்குங்கள், எச்பி-யைவிடக் கறுப்பாக விழும், அழுத்தத் தேவையில்லை. பின்பக்கத் தாளைத் தடவிப் பாருங்கள். எழுத்து மேடாகத் தட்டுப்பட்டால் பிள்ளை அளவுக்கு மீறி அழுத்துகிறது.

சிலேட்டைப் பழசு என்று ஒதுக்காதீர்கள். பல்பம் சிலேட்டில் உரசும்போது கொஞ்சம் பிடித்து இழுக்கும், அந்தப் பிடிப்பில் கைக்கு வழி புரியும். அழிக்க மஷித்தண்டு என்ற சின்னச் செடியைப் பறித்துவரச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் கிணற்றடியிலும் சுவரோரத்திலும் முளைத்துக் கிடக்கும், தண்டு முழுக்க நீர். மலையாளப் பிள்ளைகளிடம் இருந்துதான் எங்கள் பிள்ளைகள் அதைப் பழகினார்கள். நோட்டும் ரப்பரும் வந்த பிறகு தப்பு பெரிய குற்றமாகிவிட்டது, சிலேட்டில் ஒரு துடைப்போடு தீர்ந்துவிடும்.

உட்காரும்போது கால் தொங்கக்கூடாது. பெரிய நாற்காலியில் உட்கார்த்தினால் காலுக்கு அடியில் ஒரு மணையைப் போடுங்கள். இல்லையென்றால் தரையில் சம்மணமிட்டு, முன்னால் ஒரு சின்ன ஸ்டூல். எழுதாத கை நோட்டைப் பிடித்திருக்க வேண்டும், அதை நாம் கவனிப்பதே இல்லை.

எந்த எழுத்து முதலில்?

இங்கேதான் வீட்டில் பெரியவர்களோடு தகராறு வரும். அ-வில்தானே தொடங்க வேண்டும் என்பார்கள். சொல்லும்போது அ, ஆ, இ என்று வரிசையாகச் சொல்லட்டும், பாட்டாகப் பாடட்டும். விஜயதசமியன்று ஆத்தா கையைப் பிடித்து அரிசியில் அ எழுதட்டும், அது ஆசீர்வாதம். ஆனால் கை எழுதிப் பழகுவதற்கு அ முதல் எழுத்தில்லை. சுழி, வளைவு, கிடைக்கோடு, நெட்டைக்கோடு எல்லாம் ஒரே எழுத்தில் வருகிறது. இ இன்னும் கஷ்டம். இவற்றில் தொடங்கும் பிள்ளை முதல் வாரத்திலேயே தனக்கு எழுத வராது என்று முடிவு கட்டிவிடுகிறது.

ட-வில் தொடங்குங்கள். மேலிருந்து கீழே, அங்கிருந்து வலப்பக்கம், முடிந்தது. அடுத்தது ப: கீழே இறங்கு, வலப்பக்கம் போ, மேலே ஏறு. ப எழுதி, ஏறிய கை உள்பக்கம் வளைந்து கீழே இறங்கினால் ம. இந்த மூன்றும் ஒரு புள்ளியும் வந்துவிட்டால் பிள்ளை படம் என்று எழுதும்! பட்டம் என்று எழுதும். பத்துப் பதினைந்து நாளில் ஒரு முழுச் சொல். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பட்டத்தையும் வரைந்து, வாசலில் போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் காட்டும். அப்புறம் ர வந்தால் மரம். கால் போடப் பழகினால் பாடம், மாமா, பாப்பா, டாடா. ஐந்தாறு குறியீட்டில் இத்தனை சொல் கிடைக்கும்போது, 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவேன் என்று ஏன் காத்திருக்க வேண்டும்?

அதற்கடுத்து எழுத்துகளைக் குடும்பமாகப் பிடியுங்கள். க, ச, த மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், தொடக்கம் ஒன்று, வால்தான் வேறு. சுழியில் தொடங்கும் வ, ல, ன, ண, ள எல்லாம் ஒரு கூட்டம். ரெண்டுசுழி ன, மூணுசுழி ண என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே எழுத வேண்டும், இல்லையென்றால் நாலு சுழி, ஐந்து சுழி என்று கை போய்க்கொண்டே இருக்கும், சுற்றுவது அவர்களுக்கு அவ்வளவு பிடிக்கும். ங, ஞ இரண்டையும் தனியாகப் போட்டு வதைக்காதீர்கள், தங்கம், மஞ்சள் என்று சொல் வரும்போது அதோடு சேர்த்து வரட்டும். அ, இ, ஈ எல்லாம் கை பழகிய பிறகு தானாக மடங்கும்.

கஷ்டமான இடம் ஒன்று இருக்கிறது, அதை ஒளிக்காமல் சொல்கிறேன்: உகர வரிசை. கா, சா, டா எல்லாவற்றுக்கும் ஒரே கால். கி, சி, டி-க்கு ஏறக்குறைய ஒரே கொக்கி. ஆனால் கு, சு, து மூன்றும் மூன்று மாதிரி. வரிசையாகக் க முதல் ன வரை எழுத வைத்தால் பிள்ளைக்கு ஒழுங்கே பிடிபடாது. பிரித்துக் கொடுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு சுற்றி வளைக்கிற கூட்டம். சு, பு, யு, வு கோடு நேராகக் கீழே இறங்குகிற கூட்டம். து, நு, ணு, லு, று, னு கீழே சுற்றி மேலே ஏறுகிற கூட்டம். வாரத்துக்கு ஒரு கூட்டம் போதும். ஊகாரத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், அதில் கூ தனி வழியில் போகும்.

ஒரு எழுத்தை எப்படிச் சொல்லித் தருவது

நான் செய்வதை அப்படியே சொல்கிறேன். பிள்ளை எழுதாத கைப்பக்கம் உட்கார்வேன். எதிரில் உட்கார்ந்தால் நான் எழுதுவது அதற்குத் தலைகீழாகத் தெரியும். சிலேட்டில் நான் ஒரு முறை மெதுவாக எழுதுவேன், எழுதும்போதே வாயால் வழியைச் சொல்வேன்: "மேல நிக்கறேன், நேரா கீழ எறங்கறேன், வலது பக்கம் நடக்கறேன், நின்னுட்டேன்." பிள்ளை அதைக் காற்றில் கையை முழுசாக நீட்டி எழுதும், வாயும் கூடவே சொல்லும். அப்புறம் மணல் தட்டில் விரலால். அப்புறம்தான் பல்பம். பார்த்து ஒரு தடவை எழுதியதும் நான் எழுதியதைத் துடைத்துவிடுவேன். இப்போது பார்க்காமல் எழுத வேண்டும். இந்தத் துடைக்கிற இடம்தான் முக்கியம். அந்த ஒரு நொடி பிள்ளை கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு உள்ளே தேடும், உதடு அசையும், அப்புறம் கை இறங்கும். கோணலாக வரும். வரட்டும்.

மூன்று முறை எழுதினால் போதும். எழுதி முடித்ததும், "இதுல எது நல்லா வந்திருக்கு?" என்று அதையே கேட்பேன். ஒன்றைக் காட்டும், அதற்கு ஒரு வட்டம் போடச் சொல்வேன். என் பேத்தி ஒருநாள் மூன்று ம-வையும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கு ஆத்தா, ஆனா வயிறு ஒட்டிப்போச்சு" என்றாள். நான் சொல்ல வேண்டியதை அவளே சொல்லிவிட்டாள். அடுத்த ம-வுக்கு வயிறு பெரிசாக வந்தது.

புள்ளிக்கோடு அறவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு புது எழுத்தின் வழி தெரிய ஒன்றிரண்டு முறை மேலே ஓடட்டும், அது கையைப் பிடித்து வாசல் வரை கூட்டிப்போவது மாதிரி. அதற்கு மேல் தானாக நடக்க வேண்டும். தொடங்கும் இடத்தில் மட்டும் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள், அதுவே போதும்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். ட-வைக் கீழே வலமூலையில் தொடங்கி இடப்பக்கம் இழுத்து மேலே ஏற்றும் பிள்ளைகள் நிறைய உண்டு. முடிந்த பிறகு நோட்டைப் பார்த்தால் ட சரியாகத்தான் இருக்கும், டிக் போட்டுவிடுவோம். ஆனால் அடுத்த எழுத்து வலப்பக்கம் வர வேண்டும், கை இடப்பக்கம் மேலே போய் நிற்கிறது, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தாவல். முதல் வகுப்பில் தெரியாது, நாலாம் வகுப்பில் போர்டைப் பார்த்து வேகமாக எழுதும்போது எழுத்து சிதறும், கை வலிக்கும், அப்போது மாற்றுவது பெரும்பாடு. அதனால் எழுதும்போது பக்கத்தில் இருங்கள், கை எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் போகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடம் கூட இருப்பது, நாலு பக்கம் எழுதச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவதைவிட எவ்வளவோ மேல். நாலு வயதுக்கு ஐந்து நிமிடம், ஆறு வயதுக்குப் பத்து நிமிடம், அவ்வளவுதான். கொட்டாவி விட்டாலோ கையை உதறினாலோ அன்றைக்கு முடிந்தது.

இரண்டு எழுத்து உள்ள ஊரில்

எல்லைப் பக்கம் இருக்கும் நமக்கு மட்டும் உள்ள விஷயம் இது. வீட்டில் தமிழ், தெருவிலும் பஸ்ஸிலும் மலையாளம், பள்ளிக்கூடத்தில் இரண்டும், கூட இங்கிலீஷும். பேச்சில் பிள்ளைகள் இதை அனாயாசமாகச் சமாளித்துவிடுவார்கள், கை கொஞ்சம் திணறும். மரம் என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான், படமும் அப்படியே. மலையாளத்தில் கடைசி ம்-முக்குப் பதில் ஒரு குட்டி வட்டம் போட்டால் போதும். அதனால் தமிழ் நோட்டிலும் மர எழுதி ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். புள்ளிக்குப் பதில் மலையாளத்து சந்திரக்கலை மாதிரி க-வின் தலையில் பிறை வைப்பார்கள். தமிழ் ட இரண்டு நேர்கோடு, மலையாள ட ஆங்கில எஸ் மாதிரி நெளியும், மலையாள ப-வுக்கு இடப்பக்கம் வளைவு வரும்.

இதைத் தப்பு என்று அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். இரண்டு எழுத்தும் தெரிந்த பிள்ளைக்குத்தான் இந்தக் குழப்பமே வரும். நான் செய்வது: வீட்டு மொழியில் இருபது எழுத்தாவது கையில் நிற்கும் வரை வீட்டில் இன்னொன்றைத் தொடுவதில்லை, பள்ளியில் நடந்தால் அங்கே நடக்கட்டும். அப்புறம் இரண்டுக்கும் வேறு வேறு நிறத்தில் அட்டை போட்ட நோட்டு, வேறு வேறு நேரம். காலையில் தமிழ் என்றால் சாயந்தரம் மலையாளம். இரண்டும் கையில் நின்றபிறகு ஒரே சொல்லை இரண்டு எழுத்திலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லி, எங்கே மாறுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மரத்தை வைத்தே தொடங்கலாம். அந்த விளையாட்டுக்குப் பிறகு வட்டம் தமிழ் நோட்டுக்கு வருவது குறைந்துவிடும்.

தாத்தா பாட்டி சொல்லித் தரும் வீடுகளில் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாடு அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்ததற்கு முன் படித்தவர்கள் லை, னை போன்ற எழுத்துகளை மேலே தும்பிக்கை போட்டு எழுதுவார்கள், றா, னா-வையும் காலை உள்ளே மடித்து எழுதுவார்கள். அப்பாரு எழுதுவது தப்பு என்று பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டாம். அது அவர் படித்த எழுத்து, உன் புத்தகத்தில் இப்படி இருக்கும் என்று சொன்னால் போதும், புரிந்துகொள்ளும்.

இடக்கைப் பிள்ளைகள்

பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர். பீச்சாங்கையில் எழுதாதே என்று பென்சிலைப் பிடுங்கி வலக்கையில் வைக்கும் வேலையை யாராக இருந்தாலும் நிறுத்துங்கள், அம்மாயியாக இருந்தாலும் தன்மையாகச் சொல்லி நிறுத்துங்கள். நோட்டின் மேல்பக்கம் வலது பக்கம் சாயும்படி திருப்பி, உடம்புக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக வையுங்கள். பென்சிலைக் கூரிலிருந்து இரண்டு விரல்கடை மேலே பிடிக்கட்டும், அப்போதுதான் எழுதியது கண்ணுக்குத் தெரியும், கையில் கரி ஒட்டாது. பார்த்து எழுதும் மாதிரியை வலப்பக்கம் வையுங்கள், இடப்பக்கம் வைத்தால் அதன் கையே மறைத்துவிடும். பள்ளியில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிபடாது.

எப்போது யோசிக்க வேண்டும்

எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுவது ஐந்து, ஆறு வயதில் சாதாரணம். ஏழு தாண்டியும் விடாமல் இருந்தால், அல்லது வாயால் அழகாகக் கதை சொல்லும் பிள்ளை இரண்டு வரி எழுத அழுதால், கை வலி என்று தினமும் சொன்னால், சோம்பேறி என்று பட்டம் கட்டிவிடாதீர்கள். முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். என்னிடம் வந்த ஒரு பையன் போர்டைப் பார்த்துத் தப்புத் தப்பாக எழுதியதற்குக் காரணம் கண்ணாடி இல்லாததுதான், வீட்டில் ஒரு வருடம் திட்டு வாங்கியிருந்தான். கண் சரி என்றால் குழந்தை மருத்துவரிடம் கேட்டு, கை வேலைக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் பாருங்கள். எழுதுவதில் மட்டும் சிரமப்படும் குறைபாடு ஒன்று உண்டு, அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை.

எழுத்தைத் தண்டனையாக்க வேண்டாம், இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். "இனி பேச மாட்டேன்" என்று ஐம்பது தடவை எழுத வைத்த கைக்கு எழுதப் பிடிக்குமா?

எழுத்து ஓரளவு வந்ததும் அதற்கு ஒரு வேலை கொடுங்கள். கடைக்குச் சீட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த வேலந்தாவளத்துப் பையன் இப்போது அதைத்தான் செய்கிறான். ஆடிக்குள் புள்ளியைத் தேடுவதை விட்டுவிட்டான், ஓணம் முடிந்து பள்ளி திறந்தபோது படமும் மரமும் எழுதினான், தீபாவளிக்குள் து, நு கூட்டம் வரை வந்துவிட்டான். போன வாரம் அவன் அம்மா கொடுத்தனுப்பிய துண்டுச்சீட்டில் பருப்பு, உப்பு, மஞ்சள் என்று மூன்று வரி. மஞ்சளில் ள-வின் சுழி கொஞ்சம் பெரிசு, உப்பில் ஒரு புள்ளி தள்ளி விழுந்திருந்தது. கடைக்காரர் படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மூன்றையும் எடுத்துக் கொடுத்தாராம். அந்தச் சீட்டில் தேதி போட்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் உங்கள் பிள்ளையின் முதல் சீட்டுக்கு அப்படியே செய்யுங்கள்.